இரண்டரை அடித் தெளிவு

மாசிக் கொடை நடக்கும் பத்து நாளும் மண்டைக்காட்டில் தாழ்ந்த குரலில் பேசி ஒரு காரியமும் நடக்காது. ஒரு பக்கம் வெடி வழிபாடு. நேர்ச்சைக்காரர்கள் சீட்டு வாங்க வாங்க வெடி முழங்கிக்கொண்டே இருக்கும். இன்னொரு பக்கம் ஒலிபெருக்கி. நடுவில், இருமுடி கட்டிக்கொண்டு கேரளத்திலிருந்து வந்து இறங்கும் பெண்களின் சரண விளி. கடலில் முங்கி எழுந்து, ஈரம் சொட்டச் சொட்டப் பகவதி முன்னால் போய் நிற்பார்கள். பதினைந்து அடிக்கு வளர்ந்து நிற்கும் புற்றுதான் இங்கே அம்மன். இந்தச் சத்தத்துக்கும் நெரிசலுக்கும் நடுவில், எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துத்தான் தங்கச்சி மகன் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

“மாமா, இத வச்சுப் பொழைக்க முடியுமா?”

‘இது’ என்றது அவன் மடியில் இருந்த கேமராவை. விஸ்காம் முடித்துவிட்டு இரண்டு வருடமாக நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறான். நல்ல கை. வருமானமும் மோசமில்லை. ஆனால் கல்யாணப் படம் அவனுக்குக் கசந்துவிட்டது. விளையாட்டுப் படம்தான் எடுக்க வேண்டுமாம். கொச்சியில் யாரோ பழைய 400 எம்.எம். லென்ஸ் ஒன்றை விற்கிறாராம். அதை வாங்க அம்மையின் வளையலைக் கேட்டிருக்கிறான். தங்கச்சி மண்டையப்பத் தட்டோடு வாசலில் நின்றபடி என்னைப் பார்த்தாள்.

“நீயே சொல்லுண்ணே. நான் சொன்னா அவன் காதுல ஏறாது.”

இருபத்தெட்டு வருடம் அந்த வேலையைச் செய்தவன் நான். ஒரு வார்த்தையில் பதில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தலைவலி தீர நேர்ந்துகொண்டு படைக்கிற பண்டம் மண்டையப்பம். இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

பொழைப்பு என்ற சொல்லில் ஒரு விஷமம் இருக்கிறது. பிழைத்தல் என்றால் உயிரோடு இருப்பது. சம்பாதித்துச் சாப்பிடுவதும் அதுதான். தவறிப்போவதும் அதுதான். அவன் கேட்டது நடுவில் உள்ள பிழைப்பை. எனக்குப் பதில் தெரிந்தது மற்ற இரண்டுக்கும்தான்.

இருந்தாலும் அவன் கேட்டதற்கே முதலில் வருவோம். இன்று புதிதாக ஒரு 400 எம்.எம். 2.8 லென்ஸ் வாங்கினால் பத்து லட்சத்தைத் தாண்டும். என் காலத்தில் அதன் எடை ஐந்து கிலோவுக்கு மேல். இப்போது மூன்று கிலோவுக்குள் வந்துவிட்டது. எடை குறைந்ததே தவிர விலை குறையவில்லை. லென்ஸ் வாங்கிவிட்டால் போதுமா என்றால், மைதானத்துக்குள் விட வேண்டும். இந்த வாசல் தகராறு பழையது. இங்கிலாந்தில் 1972 வரை டெஸ்ட் போட்டிகளைப் படமெடுக்கும் உரிமை இரண்டே இரண்டு ஏஜென்சிகளின் கையில் இருந்தது. அந்தக் கதவு திறந்த பிறகுதான் பேட்ரிக் ஈகர் போன்ற ஒரு தனி ஆள் உள்ளே நுழைந்து, கிரிக்கெட் படம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று காட்ட முடிந்தது. நம் ஊரில் 2012-ல் இங்கிலாந்து அணி வந்தபோது கிரிக்கெட் வாரியம் கெட்டி இமேஜஸ் போன்ற படநிறுவனங்களுக்கு அனுமதி மறுத்தது. ராய்ட்டர்ஸ், ஏ.பி., ஏ.எஃப்.பி. மூன்றும் நாங்களும் படமெடுக்க மாட்டோம் என்று ஒதுங்கின. இப்போது பெரிய லீக் ஆட்டங்களுக்கு ஒப்பந்த ஏஜென்சி உண்டு; அணிக்கு அணி சொந்தப் படக்காரரும் உண்டு. படம் இலவசமாகப் பத்திரிகை ஆபீசுக்கு வந்து விழுகிறது. இலவசமாக வருகிற இடத்தில் என்னைப் போன்ற உதிரிக்கு என்ன வேலை?

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். அவனுக்கும் தெரிந்திருந்தது. இந்தக் காலத்துப் பையன்களுக்குத் தகவல் சொல்லி மிரட்ட முடியாது.

நான் இந்த வழிக்கு வந்தது முடிவெட்டும் கடை வழியாக. 1978-ல் ‘ஸ்போர்ட்ஸ்டார்’ தொடங்கிய பிறகு, எங்கள் பக்கத்துச் சலூன் சுவரெல்லாம் அதன் வண்ணப் படங்கள்தான். கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி உட்கார வைத்துவிட்டால் வேறு வேலையில்லை. கபில்தேவ் பந்தை விடப் போகிற கணத்தில் அப்படியே அந்தரத்தில் நிற்பார், அதையே பார்த்துக்கொண்டிருக்கலாம். படத்தின் ஓரத்தில், எறும்பு ஊர்ந்தது போலப் பொடி எழுத்தில், குத்துவாட்டில் ஒரு பெயர் இருக்கும். தலையைச் சாய்த்து அதைப் படிக்கப் போய் காதோரம் கத்திரி பட்டிருக்கிறது. கபில்தேவாக ஆக முடியாது என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரியும். அந்தப் பொடி எழுத்தாக ஆகிவிடலாம் என்று தோன்றியது.

1991-ல் நாகர்கோவிலில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்தேன். பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூடக் குரூப் படம், சாவு வீடு. ஆசானுக்குக் கால்பந்துப் பைத்தியம். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி மைதானத்தில் ஆட்டம் என்றால் ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். எடுத்ததைக் கழுவி, பிரிண்டு போட்டு, கவரில் வைத்துத் திருநெல்வேலி பஸ் டிரைவர் கையில் கொடுத்துவிடுவோம். அங்கே பத்திரிகை ஆள் ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார். பஸ் நேரம் தப்பினால் படம் செத்தது. மறுநாள் பேப்பரில் வந்தால் வந்தது.

ஆசான் சொல்லித் தந்தவற்றில் ஒன்று மட்டும் இன்னும் என்னோடு இருக்கிறது. முதல் வருடம் ஒரு கோலை நான் அற்புதமாகப் பிடித்துவிட்டதாக நினைத்தேன். பந்து காலில் பட்டதை வியூபைண்டரில் பளிச்சென்று பார்த்தேன் என்றேன். அவர் சிரித்தார்.

“நீ பாத்தியா? அப்ப படத்துல இருக்காது, மக்கா.”

பிலிமைக் கழுவிப் பார்த்தால், ஓங்கிய கால் இருந்தது. பந்து எங்கேயோ போய்விட்டிருந்தது.

அதில் மந்திரம் ஒன்றுமில்லை. பழைய கேமராவுக்குள் ஒரு சின்னக் கண்ணாடி சாய்ந்து நிற்கும். லென்ஸ் வழியே வருவதை அதுதான் நம் கண்ணுக்குத் திருப்பிவிடும். பொத்தானை அமுக்கியதும் கண்ணாடி மேலே எழும்பும், பின்னால் ஷட்டர் திறந்து மூடும், கண்ணாடி கீழே இறங்கும். அது எழும்பி இறங்குவதற்குள் நமக்கு எல்லாம் இருட்டு. அந்த இருட்டில்தான் படம் விழுகிறது. ஒரு காட்சியை நான் கண்ணால் பார்த்தேன் என்றால் அது ஷட்டர் திறப்பதற்கு முந்தியது, அல்லது பிந்தியது. என் வாழ்நாளில் எடுத்த நல்ல படம் ஒன்றைக்கூட, அது நடந்தபோது நான் பார்த்தவனில்லை.

அம்மை இருந்தவரை, ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் ஒரே கேள்விதான் கேட்பாள். “யாரு செயிச்சா லே?” பல நாள் எனக்குச் சட்டென்று பதில் வராது. எத்தனை கோல் என்று யோசித்துக் கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கும். “அங்க போயி நீ என்னத்தப் பாத்த?” என்பாள். நியாயமான கேள்வி.

ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிலிம் காலத்தில் ஆட்டத்துக்கு நாலைந்து ரோல். டிஜிட்டல் வந்த பிறகு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு படம். மொத்தத்தில் பதினைந்து லட்சம் தடவையாவது பொத்தானை அமுக்கியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் ஷட்டர் திறந்திருந்தது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எல்லாவற்றையும் சேர்த்தால் 1500 நொடி. இருபத்தைந்து நிமிடம். இருபத்தெட்டு வருட உழைப்பு அவ்வளவுதான். இங்கிருந்து குளச்சலுக்கு நடந்தால் போய்ச் சேரக்கூட முடியாத நேரம். அச்சில் வந்த படங்களை மட்டும் எண்ணினால் நாலைந்து நொடி தேறும். மீதி எல்லாம் காத்திருப்பு. புல்லில் முழங்காலைக் குத்தி உட்கார்ந்திருந்தது, மழையில் கேமராவைத் தோர்த்தால் பொத்திக்கொண்டு நின்றது, பஸ்ஸுக்கு ஓடியது, பில் பணத்துக்கு நாலு மாதம் அலைந்தது.

இதை நான் புலம்பலாகச் சொல்லவில்லை. நொடியின் சிறு துண்டுக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதை எங்கள் பக்கத்து மாநிலத்துக்காரியான பி.டி. உஷாவிடம் கேட்க வேண்டும். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ், 400 மீட்டர் தடை ஓட்டம். உஷா 55.42 நொடி. வெண்கலம் வாங்கிய ருமேனியாக்காரி 55.41. அந்த நூற்றில் ஒரு பங்கு நொடியில் என் ஷட்டர் பத்துத் தடவை திறந்து மூடும் அளவுக்கு இடம் இருக்கிறது. அதைத் தீர்த்து வைத்த போட்டோ பினிஷ் கேமராவின் வேலை விசித்திரமானது. அது மைதானத்தைப் பார்க்காது, கூட்டத்தைப் பார்க்காது. முடிவுக் கோடு என்ற ஒரே ஒரு கீற்றை மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். கோட்டைத் தாண்டும் உடம்புகளை வந்த வரிசைப்படி அடுக்கி ஒரு படமாக்கும். அந்தப் படத்தில் இடது வலது என்பது தூரமில்லை, நேரம். காலும் கையும் இழுபட்டு விகாரமாகத் தெரியும். முகத்தில் என்ன இருந்தது என்பது அதற்கு முக்கியமே இல்லை. அந்த அளவுக்குக் கண்ணைக் குறுக்கிக்கொண்டால்தான் நீதி சொல்ல முடியும் போலிருக்கிறது.

எங்கள் தொழில் அவ்வளவு நீதியானதில்லை. இங்கே இடமும் அதிர்ஷ்டமும் சேர வேண்டும். 1965 மே 25, அமெரிக்காவின் லூயிஸ்டன் ஊர். முதல் சுற்றிலேயே சன்னி லிஸ்டன் விழுந்தார். முகமது அலி அவர் தலைமாட்டில் நின்று எழுந்திரு என்று கத்துகிறார். அந்தப் படத்தை எடுத்த நீல் லீஃபருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. படத்தை உற்றுப் பார்த்தால் அலியின் கால்களுக்கு நடுவே, எதிர்ப் பக்கத்தில், இன்னொரு படக்காரரின் தலை தெரியும். ஹெர்ப் ஷார்ஃப்மன். லீஃபரின் அதே பத்திரிகை, அவரைவிட மூத்தவர், பெயர்பெற்றவர். அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு. லீஃபரின் படமும் அந்த வாரம் அட்டைக்கு வரவில்லை. அதன் அருமை உலகத்துக்குத் தெரியப் பல வருடம் ஆனது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் லீஃபர் பக்கத்திலிருந்துதான் சொல்வார்கள். நான் எப்போதும் அந்த நடுவில் தெரியும் தலையைத்தான் பார்ப்பேன். நானும் அதிக நாள் உட்கார்ந்தது அந்தப் பக்கம்தான்.

டெஸ்ட் கிரிக்கெட்டில் இரண்டே முறை ‘டை’ ஆகியிருக்கிறது. 1960 டிசம்பர் 14, பிரிஸ்பேன்: ஜோ சாலமன் எறிந்த பந்து ஸ்டம்பில் பட்டு மெக்கிப் ரன் அவுட். ‘ஏஜ்’ நாளிதழின் ரான் லோவிட் எடுத்த படம் இருக்கிறது. 1986 செப்டம்பர் 22, நம் சேப்பாக்கம்: 348 எடுத்தால் வெற்றி, 347-ல் கிரெக் மேத்யூஸ் பந்தில் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ.; எதிர்முனையில் 48 ரன்னோடு ரவி சாஸ்திரி. நடுவர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கிய அந்தக் கணத்தை மாலா முகர்ஜி எடுத்தார். அத்தனை ஆயிரம் பேர் கண்ணால் பார்த்த ஒன்று. பார்த்தவர்களின் ஞாபகத்தில் இன்றும் அந்தப் பந்து மட்டையில் பட்டதா இல்லையா என்ற வழக்கு நடக்கிறது. அந்தப் படத்தை எடுத்தவரின் கண்ணாடியும் அந்த நொடியில் மேலே எழும்பி இறங்கித்தான் இருக்கும்.

இப்போது கண்ணாடி இல்லாத கேமராக்கள் வந்துவிட்டன. இருட்டும் போயிற்று. 2023-ல் சோனி அறிவித்த கேமரா ஒன்று நொடிக்கு 120 படம் எடுக்கும். சத்தமும் கிடையாது. செஸ் ஆட்டத்துக்கு அது கொடைதான்; மாமல்லபுரத்தில் 2022 ஒலிம்பியாட் நடந்ததே, அந்த மாதிரி இடங்களில் ஆட்டம் தொடங்கிய முதல் சில நிமிடம்தான் படக்காரர்களை உள்ளே விடுவார்கள். இங்கே கொடையின் கடைசி நாள் ராத்திரி ஒடுக்குப் பூஜைப் பண்டங்களைத் தலையில் சுமந்து வருவார்கள். பத்து நாள் அதிர்ந்த ஊர் அப்போது மூச்சுக் காட்டாமல் நிற்கும். அந்த நேரத்தில் ‘டக்’ என்று ஒரு ஷட்டர் சத்தம் கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். நான் ஒரு தடவையும் எடுத்ததில்லை.

ஆனால் இவனிடம் சொல்ல எனக்கு இருந்தது இது எதுவுமில்லை. இன்னொன்று.

எங்கள் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், தூத்தூரைச் சுற்றியுள்ள கடலோர ஊர்களுக்குக் கால்பந்து உயிர். ஆழ்கடலுக்குச் சுறா பிடிக்கப் போகிற ஆட்கள். கரைக்கு வந்தால் பந்து. மைக்கேல் சூசைராஜ் அந்தக் கடலோரத்திலிருந்து கிளம்பி ஐ.எஸ்.எல். வரை போனவர். 2014-ல் ஒரு பத்திரிகைக்காக அங்கே ஒரு ஊரின் திருவிழா டூர்ணமெண்டை எடுக்கப் போனேன். அப்போது என்னிடம் இருந்தது கடனில் வாங்கிய பழைய 300 எம்.எம். 2.8 லென்ஸ்.

அந்த லென்ஸைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். முழுக்கத் திறந்து வைத்து, இருபது மீட்டரில் ஓடுகிறவன்மேல் போகஸ் வைத்தால், முன்னும் பின்னுமாக இரண்டரை அடிக்குத்தான் தெளிவு. அதற்கு அப்பால் எல்லாம் கரைந்து நிறமாகிவிடும். பின்னால் நிற்கிற ஆட்கள், மதில், பனை, பேனர் எதுவும் உறுத்தாது. பந்தை உதைக்கிறவன் மட்டும் வெட்டி எடுத்து வைத்தது போல நிற்பான். அந்த லென்ஸுக்கு லட்சக்கணக்கில் கொடுப்பது தெளிவுக்காக மட்டுமில்லை. மற்றவர்களைக் கரைப்பதற்காகவும்தான்.

கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அங்கேதான் எல்லாரும் உட்காருவோம். பந்தோடு வருகிறவனின் முகம் நேராகக் கிடைக்கும். ஆடிய இரண்டு அணியில் ஒன்று பலம், ஒன்று சோதா. கோல் விழப் போவது எந்தப் பக்கம் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறியதும் நானும் எழுந்து மறுகோடிக்குப் போனேன். தொழில் தெரிந்தவன் அப்படித்தான் செய்வான். நாலு கோல். நாலும் என்னிடம் இருந்தது. பத்திரிகையில் இரண்டு பக்கம் வந்தது.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி. புயல் என்று அறிவிப்பு வந்தபோது அந்த ஊர்களின் விசைப்படகுகள் பல நாள் முன்பே கரையை விட்டு எங்கோ தூரத்தில் இருந்தன. யார் திரும்பி வந்தார்கள், யார் வரவில்லை என்று தெரியவே வாரக்கணக்கானது. அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கடலோரத்தில் நட்சத்திர விளக்கைத் தொங்கவிட யாருக்கும் மனசு வந்திருக்காது.

தை பிறந்த சமயம் எனக்கு ஒரு போன். மூணு வருடத்துக்கு முன்னே எடுத்த டூர்ணமெண்ட் படம் இருக்கிறதா என்று ஒரு பையன் கேட்டான். அவன் அண்ணன் திரும்பவில்லை. கல்யாணம் ஆகாதவன், அதனால் ஆல்பம் கிடையாது. செல்போன் அவனோடு போய்விட்டது. ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கினால் யாரோ போல இருக்கிறது. சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும்.

“எந்த டீம்?”

“தோத்த டீம்ணா. கோல்கீப்பர். மஞ்ச ஜெர்சி.”

ஹார்டு டிஸ்கைத் தேடி எடுத்தேன். ஆயிரத்து நூறு படம். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மஞ்சள் ஜெர்சி ஏறக்குறைய பாதிப் படத்தில் இருந்தான். பாய்கிறான், விழுகிறான், கையை விரிக்கிறான். எல்லாவற்றிலும் முதுகு. அவன் கோலுக்குப் பின்னால்தானே ஆட்டம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். இடைவேளைக்குப் பிறகு அவனையே தேடிப் போய் அவன் முதுகுக்குப் பின்னால் மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். தொண்ணூறு நிமிடத்தில் அந்த ஊரில் அவனுக்கு மிகப் பக்கத்தில் இருந்த ஆள் நான்தான். அவன் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டிருக்கும். முகம் எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு படத்தில் முகம் இருந்தது. ஆட்டம் முடிந்து, ஜெயித்தவர்கள் கோப்பையைத் தூக்கிக் குதிக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், இரண்டரை அடிக்கு வெகு தூரம் அப்பால், கம்பத்தில் ஒரு கையை ஊன்றித் தண்ணீர் குடித்து முடித்து இந்தப் பக்கம் திரும்புகிறான். மஞ்சள் நிறத்துக்கு மேலே தவிட்டு நிறத்தில் ஒரு வட்டம். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நிழல். அந்த லென்ஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது.

அதையும் முதுகுப் படங்களில் நாலையும் அனுப்பினேன். ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து மங்கலான முகத்தைக் கூர்மையாக்கச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே ஒருத்தர் மூக்கு முழியெல்லாம் வைத்து, கோட்டும் டையும் மாட்டிவிட்டுக் கொடுத்திருக்கிறார். நல்ல முகம்தான், ஆனால் அது வேறு யாரோ என்றான் தம்பி.

இரண்டு மாதம் கழித்து மறுபடி போன் வந்தது. “மூஞ்சி கெடச்சுதுண்ணா. சொந்தக்காரங்க கல்யாண வீடியோவுல.” பந்தியில் உட்கார்ந்திருக்கிறான். வீடியோக்காரர் லைட்டை முகத்துக்கு நேரே பிடித்தபடி வரிசையாக வருகிறார், வழக்கம் போல. கையில் சோறு. வெட்கப்பட்டு, வேண்டாம் என்று இடது கையை ஆட்டுகிறான். அதிலிருந்து ஒரு நொடியை நிறுத்திப் படமாக்கி மாட்டிவிட்டார்கள். “ஆனா ஒங்க முதுகுப் படம் ஒண்ணையும் அம்மை பக்கத்துல மாட்டச் சொல்லிட்டா. அவன் நிக்கிற நெலை அதுலதான் இருக்காம்.”

இந்தக் கல்யாண வீடியோக்காரர்களை நான் எவ்வளவு கேலி பேசியிருக்கிறேன்! சாப்பிடுகிறவன் வாய்க்குள் லைட் அடிக்கிறான் என்று. ஒரு ஆளை விடக்கூடாது, விட்டால் சொந்தக்காரன் சண்டைக்கு வருவான் என்ற பயத்தில் அவர்கள் வரிசையாக எல்லா முகத்தையும் எடுத்துவிடுகிறார்கள். இவன் கசந்துபோய் விடப் பார்க்கும் வேலை அது. என் வேலையில் அந்தப் பயம் கிடையாது. யாரை விட வேண்டும் என்று தெரிந்தவன்தான் அதில் கெட்டிக்காரன். என் கெட்டிக்காரத்தனத்துக்கு இரண்டு பரிசுகூடக் கிடைத்திருக்கிறது.

சொல்லி முடித்தேன். பையன் கேமராப் பட்டையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

“அப்ப வளையல் வேண்டாம்னு சொல்றியளா மாமா?”

“நான் அப்படிச் சொன்னேனா?”

“ஒண்ணும் சொல்லல்லியே.”

வாஸ்தவம். அவனுக்கு இருபத்து மூன்று வயது. யாருடைய முதுகுக்குப் பின்னாலும் உட்கார வேண்டாம் என்று நான் சொல்ல முடியுமா? எங்கே உட்கார்ந்தாலும் யாரோ ஒருத்தருடைய முதுகு இருக்கும். நடுக்கோட்டில் உட்கார்ந்தால் கோல்கீப்பர் முகம் கிடைக்கும், பத்திரிகைக்காரன் காசு தர மாட்டான். இரண்டும் எனக்குத் தெரியும். நான் வீடு கட்டியதும் பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் அந்த இரண்டரை அடியில்தான். அதைப் பழிக்க எனக்கு வாய் வரவில்லை. அந்த ஹார்டு டிஸ்கைத் திறந்து பார்க்கவும் பல நாள் மனசு வருவதில்லை.

சாயங்காலம் இரண்டு பேரும் புதூர்க் கடற்கரைக்குப் போனோம். கொடைக் கூட்டம் ஒரு பக்கம் காலை நனைத்துக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி வள்ளங்கள் ஏற்றிவைத்திருக்கும் இடத்தில் பையன்கள் பந்து விளையாடினார்கள். இந்தக் கரை மணலில் கறுப்பு கலந்திருக்கும். ஈரம் இழுத்த இடத்தில் பந்து நன்றாக ஓடும். துடுப்பை நட்டுக் கோல் கம்பம். மாசி மாதத்தில் சூரியன் கடலிலேயே இறங்கும் என்பதால் வெயில் பக்கவாட்டில், பொன்னாகச் சாய்ந்து வந்தது. இதைவிட நல்ல வெளிச்சத்தை எந்த ஸ்டேடியத்திலும் நான் பார்த்ததில்லை.

பையன் நேரே போய்க் கோலுக்குப் பின்னால் மண்டியிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கோலில் நின்றவனுக்குப் பத்து வயது இருக்கும். பெரியவர்கள் டிரௌசரை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். பின்னால் கேமரா வந்ததிலிருந்து அவனுக்கு ஆட்டத்தில் புத்தி இல்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தான். எதிர்க் கோடியிலிருந்து ஒருத்தன் பந்தைத் தட்டிக்கொண்டு இரண்டு பேரைத் தாண்டி வந்தான். நல்ல ஓட்டம், என் விரலே தானாக மடங்கியது. அந்த நேரம் பார்த்து இவன் முழுசாகத் திரும்பி, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து நின்றுவிட்டான்.

“அண்ணா, என்னை எடுங்க!”

மறுபக்கம் காட்டுக் கூச்சல். மொத்த டீமும் அவனை ஏசியபடி ஓடி வந்தது. அவன் யாரையும் சட்டை பண்ணாமல் கேமராவுக்குப் பின்னால் வந்து, என் மருமகன் தோள்மேல் மோவாயை வைத்துக்கொண்டான்.

“வந்துச்சாண்ணா?”

வந்திருந்தது. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. புருவத்தில் மணல் ஒட்டியிருந்தது. இமை மயிரை எண்ணலாம். அவனை ஏசிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தன் தலையை நீட்டி, “படத்துல பந்து எங்கலே?” என்று கேட்டான். அவன் உற்றுப் பார்த்துவிட்டு, தன் காதுக்குப் பக்கத்தில் வெள்ளையாக மங்கிக் கிடந்த ஒரு பொட்டின்மேல் மணல் விரலை வைத்தான்.